எஸ்.டி.எஸ். குழுவுக்குப் புதியவரா? பாடசாலைக்கு விதி எழுதும் வேலையை இப்படித் தொடங்குங்கள்

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் யாரோ உங்கள் பெயரை முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், நீங்கள் மறுக்க எழும்புவதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள். இப்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் (எஸ்.டி.எஸ்.) செயற்குழுவில் நீங்களும் ஒருவர். முதல் கூட்டத்திலேயே ஒருவர் "இதுக்கு ஒரு விதி கொண்டுவர வேணும்" என்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள், தேநீர் வரும், அடுத்த கூட்டத்திலும் அதே ஆள் அதையே சொல்லுவார். திருகோணமலை நகரப் பாடசாலையானாலும் சரி, குச்சவெளிப் பக்கமோ வெருகல் பக்கமோ உள்ள சின்னப் பாடசாலையானாலும் சரி, இது பெரிதாக மாறுவதில்லை.

அந்தப் பேச்சைத் தாளுக்குக் கொண்டுவருவது எப்படி, வந்த தாளைப் பழுதாக விடாமல் வைத்திருப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விதியை நடைமுறைப்படுத்தப் போகிற ஆளை மனதில் வைத்து எழுதுங்கள். வலயக் கல்விப் பணிப்பாளர் வாசித்து மெச்சுவார் என்று எழுதினால் அது கோவைக்குள்தான் கிடக்கும். பாடசாலை விட்ட நேரத்தில் கேற்றடியில் தனியாக நிற்கிற காவலாளி அந்தத் தாளைப் பார்த்தால், இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு விளங்க வேண்டும்.

முதலில் உங்கள் எல்லை எது என்று பாருங்கள்

வெளிநாட்டில் இருக்கிற அண்ணரோ மச்சானோ "இங்கே ஸ்கூல் போர்ட்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்" என்று சொல்லியிருப்பார். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் கல்வி மாவட்டத்துக்கு ஒரு சபை உண்டு, மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள், அந்தச் சபை கொள்கையை நிறைவேற்றும், கல்வி அத்தியட்சகரையும் அதுவே நியமிக்கும். நம்மிடம் அப்படியொரு சபை இல்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாணப் பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ், தேசிய பாடசாலைகள் நேரே கல்வி அமைச்சின் கீழ். திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய். உங்கள் பாடசாலை எந்த வகை, எந்த வலயம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் மற்ற எதையும் தொட வேண்டும், ஏனென்றால் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்பது அதில்தான் இருக்கிறது. மாகாணக் கல்வித் திணைக்களம் நகரத்திலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி, அம்பாறையில் இருந்து வருகிறவர்களைப் போல ஒரு நாளைப் பஸ்ஸில் தொலைக்கத் தேவையில்லை.

சங்கத்தின் தலைவர் பதவிவழியாக அதிபர்தான். ஆகவே குழு முடிவெடுத்தாலும் விதி வெளியே போவது அதிபரின் கையொப்பத்தோடு. ஆசிரியர் இடமாற்றம், லீவு, ஒழுக்காற்று நடவடிக்கை இவையெல்லாம் உங்கள் வேலை இல்லை. தரம் 1இல் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கும் அமைச்சின் சுற்றறிக்கை உண்டு, அதில் ஒரு புள்ளியைக்கூட நீங்கள் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பெற்றோரிடம் பணம் சேர்ப்பதும் அப்படித்தான், "எல்லாரும் சம்மதிச்சிட்டினம்" என்பது சுற்றறிக்கைக்கு மேலே போகாது.

அப்படியானால் மிச்சம் என்ன? நிறைய இருக்கிறது. பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது, பார்வையாளர் எங்கே காத்திருப்பது, மைதானத்தை வெளியாருக்கு எப்போது கொடுப்பது, கன்டீனை யார் மேற்பார்வை செய்வது, சுற்றுலா போனால் எத்தனை பெரியவர்கள் கூடப் போவது, முறைப்பாடு வந்தால் யார் பதிவது, சங்கப் பணத்தில் சாமான் வாங்கினால் எத்தனை பேர் விலை பார்ப்பது. சண்டைகள் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகின்றன.

பழைய கோவையைத் திறவுங்கள்

புதிதாக எழுதும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அதற்கு முன் அலுவலக அலுமாரியைத் திறந்து ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய பாடசாலை என்றால் வடக்கு கிழக்கு மாகாணம் என்று முத்திரை குத்திய கடிதங்களும் அதற்குள் கிடக்கலாம். வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்ற 2006ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2007 ஜனவரியில் இருந்து கிழக்கு தனி மாகாணம். அந்தக் காலத்து அறிவுறுத்தல் இன்னும் செல்லுமா, அதற்குப் பதில் வேறொன்று வந்துவிட்டதா என்று வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேளுங்கள். சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும் கைக்குக் கிடைத்தால் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். யாரோ வாய்மொழியாகச் சொன்ன மொழிபெயர்ப்பை நம்பி விதி எழுத வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், ஒழுக்கம் பற்றிப் பேசத் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் ஒரு அப்பா எழும்பி "ரெண்டு அடி போட்டால் சரியாகும், அதையும் விதியில எழுதுங்கோ" என்பார், நல்ல மனதோடுதான் சொல்லுவார். அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடைசெய்தது, ஒழுக்கம் பற்றிய 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலும் அந்த நிலைப்பாடுதான். 2021இல் உயர் நீதிமன்றம், ஆசிரியர் ஒருவர் மாணவனை அறைந்த வழக்கில், அது சித்திரவதைக்கோ இழிவான நடத்துகைக்கோ உள்ளாகாமல் இருக்க அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை தரும் உரிமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. குழுவில் ஒருமனதாக நிறைவேற்றினாலும் அந்த வரி செல்லாது, கையொப்பம் வைத்த அதிபர்தான் பிறகு அலைய வேண்டிவரும்.

இன்னொன்று, எழுதாமல் விட்ட வழக்கங்கள். 2018இல் நம் நகரத்தில் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி எழுந்த பிரச்சினை எல்லோருக்கும் தெரியும், மனித உரிமைகள் ஆணைக்குழு, நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேச வரவில்லை. ஆடை, வழிபாடு, பெருநாள் விடுமுறை மாதிரி இனமும் மதமும் தொடுகிற விடயத்தில் "இது இங்கே நெடுகிலும் உள்ள வழக்கம்" என்று மட்டும் சொல்லி ஒரு குழு தானே முடிவெடுக்கக் கூடாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வீதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஊர் இது. முதலில் வலயத்தின் எழுத்து மூல ஆலோசனை, அதற்குப் பிறகுதான் வரைவு.

எல்லாவற்றுக்கும் விதி வேண்டாம்

ஒரு விடயத்துக்கு விதி தேவையா என்று பார்க்க நான் மூன்று கேள்விகள் கேட்பேன். ஒரே பிரச்சினைக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாக நடக்கிறார்களா? பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடியதா? பணம் கைமாறுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் போதும். கேற் திறந்திருந்தால் நகரத்து மான்கள் உள்ளே வந்து பூங்கன்றைத் தின்றுவிட்டுப் போகும்தான், அதற்காகக் கூட்டம் போட்டு "விலங்குகள் உட்பிரவேசக் கொள்கை" எழுத வேண்டியதில்லை, கேற்றைச் சாத்தினால் சரி.

முதல் வருடத்தில் இரண்டு அல்லது மூன்று விதிகளை உருப்படியாகச் செய்தாலே பெரிய விடயம். இருபது பக்கக் கைநூலை ஒரே மூச்சில் அச்சடித்த பாடசாலைகளில் அதை இரண்டாவது தவணையில் தேடினால் கிடைக்காது.

எழுதும் முறை: ஒரு விதியை எடுத்துப் பார்ப்போம்

பாடசாலை விட்ட பிறகு சின்னப் பிள்ளைகளை யார் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படுவது இப்படி: "மாணவர்களின் பாதுகாப்பு உரிய முறையில் உறுதிப்படுத்தப்படும்." யார் உறுதிப்படுத்துவார்? எப்போது? உரிய முறை எது? ஒன்றும் இல்லை. இந்த "படும்" "படும்" என்று முடிகிற வசனங்களைக் கண்டால் உடனே சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள், ஏனென்றால் செய்கிற ஆளை மறைக்க அதைவிட வசதியான வசனம் தமிழில் கிடையாது.

மாற்றி எழுதுவோம்:

"தரம் 1 முதல் 5 வரையுள்ள பிள்ளையை, பெற்றோர் அல்லது பாதுகாவலர் எழுதித் தந்த பட்டியலில் உள்ளவரிடம் மட்டும் வகுப்பாசிரியர் ஒப்படைப்பார். பட்டியலில் இல்லாதவர் வந்தால் வகுப்பாசிரியர் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்பார். வீட்டார் சம்மதித்தால் வந்தவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிவேட்டில் எழுதிவிட்டு அனுப்புவார். தொடர்பு கிடைக்காவிட்டால் பிள்ளை அலுவலகத்தில் பிரதி அதிபரின் பொறுப்பில் இருக்கும்."

அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் யார், என்ன, செய்ய முடியாவிட்டால் என்ன, எல்லாம் வந்துவிட்டது. அந்தக் கடைசி வசனத்தைத்தான் பலர் விடுகிறார்கள். ஃபோன் எடுக்காத நாள்தான் உண்மையான சோதனை, அன்றைக்கு விதி வாய் மூடிக்கொண்டால் ஆசிரியர் தன் மனதுக்குப் பட்டதைச் செய்வார், அடுத்த நாள் பழி அவர் தலையில்.

எழுதும்போது இரண்டு பகுதியாகப் பிரித்து வைத்தால் பின்னால் தலையிடி குறையும். ஏன் இந்த விதி, யாருக்கு, என்ன நடக்க வேண்டும் என்பது முதல் பகுதி, இதைக் குழு நிறைவேற்றும். எந்தப் பதிவேடு, எந்த மேசை, எத்தனை மணி என்பது இரண்டாவது பகுதி, இதை அதிபர் தேவைக்கேற்ப மாற்றலாம். பதிவேட்டை மேசையில் இருந்து கேற்றடிக்கு மாற்றுவதற்கெல்லாம் செயற்குழுவைக் கூட்ட முடியாது.

முறைப்பாடு பற்றிய விதி எழுதினால் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: ஒரு பிள்ளை தனக்குத் துன்புறுத்தல் நடந்தது என்று சொன்னால் குழு விசாரணை நடத்தாது, சமரசம் பேசாது, அதிபர் உடனடியாகப் பொலிஸுக்கோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ அறிவிப்பார், அதிபர்மீதே முறைப்பாடு என்றால் பிள்ளை சொன்னதைக் கேட்டவர் அறிவிப்பார். அந்த அதிகார சபை 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென்றே அமைக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் நீங்கள் பணிவாக, ஆனால் உறுதியாக மறுக்க வேண்டும்.

கூட்டத்துக்கு வராதவர்களிடம் போய்க் கேளுங்கள்

வரைவு கையில் இருக்கிறது. இனி அதைக் குழுவுக்குள்ளேயே சுற்றவிட்டு முடித்துவிடாதீர்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் நேரம் உள்ளவர்கள், விதி அதிகம் பாதிப்பது வராதவர்களை.

அதே ஒப்படைப்பு விதியையே பாருங்கள். அம்மா குவைத்திலோ கட்டாரிலோ, அப்பா கடலுக்குப் போகிறவர், பிள்ளை அம்மம்மாவோடு. அம்மம்மாவிடம் ஸ்மார்ட் ஃபோன் இல்லை, படிவம் நிரப்பவும் யாராவது உதவ வேண்டும். "பெற்றோர் கையொப்பமிட்ட பட்டியல்" என்று மட்டும் வரைவில் இருந்தால் இந்த வீட்டால் அதை நிறைவேற்றவே முடியாது. அதனால்தான் மேலே "அல்லது பாதுகாவலர்" என்று சேர்த்தேன். அடுத்தது வான்காரரும் ஓட்டோக்காரரும். நிலாவெளி, சீனக்குடா, தம்பலகாமம் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்கள் அவர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மாற்று ஓட்டுநர் வருவார், அவர் பெயர் பட்டியலில் இருக்காது. கேற்றடியில் அவர்களோடு கால் மணி நேரம் கதைத்தால் இப்படி நாலைந்து ஓட்டைகள் வெளியே வரும். காவலாளியையும், துப்புரவு செய்கிற அக்காவையும் மறக்க வேண்டாம், பாடசாலையில் நடக்கிறது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மூத்த வகுப்பு மாணவர் தலைவர்களிடமும் கேளுங்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், தங்களைத் தொடுகிற விடயத்தில் பிள்ளைகள் கருத்துச் சொல்லலாம் என்கிறது. அது ஒருபுறம் இருக்க, மதிலில் எந்த இடத்தில் ஏறிப் பாய்கிறார்கள் என்பதை அவர்கள்தானே சொல்ல முடியும்.

கூட்ட நேரமும் ஒரு விடயம். வெள்ளி மதியம் வைத்தால் ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள், ஞாயிறு காலை தேவாலயம், கோயில் திருவிழாக் காலத்தில் பாதி ஊர் வீதியில். எல்லோருக்கும் பொருந்துகிற நேரம் கிடைக்காது, இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள், ஒரு பகுதியினரே ஒவ்வொரு முறையும் விடுபடாமல் இருக்கட்டும்.

இரண்டு கூட்டம், ஒரு முடிவு

அமெரிக்கச் சபைகள் பலவற்றில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: புதிய கொள்கையை ஒரு கூட்டத்தில் முதலாம் வாசிப்பாக முன்வைப்பார்கள், வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்தில்தான். நமக்கு இது கட்டாயம் இல்லை, ஆனால் இரவல் வாங்கிக்கொள்ளலாம். முதல் கூட்டத்தில் வாசியுங்கள், திட்டு வாங்குங்கள், திருத்துங்கள். இரண்டாவதில் நிறைவேற்றுங்கள். இடைப்பட்ட வாரங்களில் கோபம் ஆறும், அவசரத்தில் எழுதிய வரிகளும் கண்ணில் படும். ஒரு சம்பவம் நடந்த அடுத்த நாள் எழுதுகிற விதிகள் பொதுவாக அந்த ஒரு பிள்ளையைத் தண்டிப்பதற்காக எழுதப்பட்டவையாக இருக்கும், அவற்றை நான் நம்புவதில்லை.

கூட்டறிக்கையில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆட்தொகை) இருந்ததா, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், மாற்றுக் கருத்துச் சொன்னவர் யார், எல்லாம் எழுதுங்கள். "விதி ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று மட்டும் எழுதாமல் முழு வாசகத்தையும் பின்னிணைப்பாக ஒட்டுங்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிமகன் ஒருவர் பாடசாலை ஆவணத்தைக் கேட்கலாம், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தேடி ஓடாமல் இருக்க இதுவே வழி. கையொப்பமிட்ட ஒரு பிரதியை வலயத்துக்கு அனுப்பி, கிடைத்ததற்கான குறிப்பையும் வாங்கி வையுங்கள்.

அப்புறம் அறிவிப்பு. வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அங்கே பெரிய ஆபத்து, வரைவைப் படம் பிடித்து ஒருவர் போட்டிருப்பார், முடிவான விதிக்கு முன்னாலேயே அது ஊர் சுற்றியிருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "வரைவு" என்றோ "நடைமுறையில் உள்ளது" என்றோ திகதியோடு அடித்துவிடுங்கள். விதியின் சாரத்தை ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், கேற்றடியிலும் அலுவலக வாசலிலும் ஒட்டுங்கள். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் சொல்லட்டும், அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிற செய்தி படிவத்தைவிட வேகமாகப் போகும்.

வைத்துப் பராமரிப்பது

ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி வாங்குங்கள். விதியின் பெயர், நிறைவேறிய திகதி, பொறுப்பானவரின் பதவி, மறுபடி பார்க்க வேண்டிய மாதம், நாலு நிரல் போதும். பொறுப்பானவர் என்று ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள், ஆசிரியர் இடமாற்றம் வந்தால் பெயர் போய்விடும்.

மறுபார்வையைத் தவணைகளுக்குப் பகிர்ந்து வையுங்கள். ஆண்டு முடிவில் மட்டும் வைக்காதீர்கள், வடகீழ்ப் பருவமழையும் பரீட்சைகளும் ஒன்றாக வருகிற காலத்தில் ஒருவரும் கொப்பியைத் திறக்கப் போவதில்லை. அந்த மாதம் வரும்வரை காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு: புதிய சுற்றறிக்கை வந்தால், சம்பவம் ஏதும் நடந்தால், அல்லது விதியை மூன்று பேர் மூன்று விதமாக விளங்கிக்கொண்டால் உடனே எடுங்கள்.

வெள்ளம் பற்றிய விதி மட்டும் மழைக்கு முன்னரே, செப்டம்பர் அளவில் பார்த்து முடிய வேண்டும். மகாவலி கடலில் சேர்கிற மாவட்டம் நம்முடையது, மூதூர், கிண்ணியா, வெருகல் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2004 சுனாமியின்போதும், 2025 நவம்பரில் திட்வா புயல் வந்தபோதும் பாடசாலைகள்தான் தங்குமிடங்களாயின. பாடசாலையை மூடுவதா என்பதை மேலிடம் அறிவிக்கும், தங்குமிடமாக்குவதைப் பிரதேச செயலகத்தோடு பேசித் தீர்மானிப்பார்கள். உங்கள் விதி பேச வேண்டியவை அதற்குக் கீழே: மண்டபத் திறப்பு எந்த இருவரிடம் இருக்கும், அனுமதிப் பதிவேடும் மாணவர் தனிப்பட்ட கோவைகளும் எந்த அறையில் எந்தத் தட்டுக்கு ஏற்றப்படும், அதை யார் எந்த எச்சரிக்கை வந்ததும் ஏற்றுவார், ஆய்வுகூடமும் கணினி அறையும் பூட்டியே இருக்குமா, குடும்பங்கள் போன பிறகு மலசலகூடமும் கிணறும் சுத்தமாகும்வரை எந்த வகுப்பு எங்கே நடக்கும். ஒரு பிள்ளையின் விடுகைப் பத்திரம் தண்ணீரில் போனால் அதைத் திரும்ப எடுக்கப் பெற்றோர் படுகிற பாடு கொஞ்சமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை உண்மையிலேயே கோவைகளைத் தூக்கி மேல்தட்டில் வைத்துப் பாருங்கள், தட்டு போதாது என்பது அப்போதுதான் தெரியும்.

மறுபார்வையில் நீக்கவும் தயங்க வேண்டாம். ஒரு வருடமாக ஒருவரும் பின்பற்றாத விதியை வைத்திருந்தால், மற்ற விதிகளையும் பின்பற்றத் தேவையில்லை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ஒன்று அதை நடக்கச் செய்யுங்கள், அல்லது கூட்டத்தில் முறைப்படி நீக்கி, நீக்கிய திகதியையும் கொப்பியில் எழுதுங்கள்.

பதவிக்காலம் முடிகிறபோது புதிய செயலாளரிடம் சி.ஆர். கொப்பி, கூட்டறிக்கைப் புத்தகம், வலயத்துக்கு அனுப்பிய பிரதிகள், விதிகளின் கணினிக் கோப்பு உள்ள பென் டிரைவ், இவற்றைப் பட்டியல் போட்டுக் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமையையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அதை யாரும் மாற்றுவதில்லை.